பழைய மடக்குக் கத்தி: தளர்ந்த வில்லையும் ஆடும் அலகையும் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பழைய வீட்டு மரப்பெட்டிகளை ஒழிக்கும்போது பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், சாவிக்கொத்து ஆகியவற்றோடு ஒரு மடக்குக் கத்தியும் அகப்படுவதுண்டு. கொழும்பில் கடை வைத்திருந்தவர்களும், அங்கே கணக்கெழுதப் போனவர்களும் ஊர் திரும்பும்போது வாங்கி வந்தவை அவற்றில் பல. என் தாத்தாவின் கத்தியும் அப்படி வந்ததுதான். எலும்புப் பிடி, இரண்டு முனையிலும் ஜெர்மன் சில்வர் பூண், அலகின் அடியில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும். வெற்றிலைக் காம்பு கிள்ளவும் பென்சில் சீவவும் அறுபது ஆண்டுகள் உழைத்த கத்தி.

என் கைக்கு வந்தபோது அதன் அலகு விழப்போகும் பல்லைப் போல ஆடியது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் சாணைச் சக்கரத்தில் வைத்து, வெட்டுவாய் நீலம் பாரிக்கும்வரை தேய்த்துத் தந்தார்கள். நீலம் பாரித்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். ஆட்டமோ அப்படியே இருந்தது. அதன்பிறகுதான் இந்த வேலையை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இன்றுவரை என் மேசைக்கு வந்த கத்திகளில் பிரித்துப் போட்டவை குறைவு. பிரிக்காமலே சரியானவைதான் அதிகம். ஆகவே கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள். ஒரு படியில் நோய் தீர்ந்துவிட்டால் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

உறுப்புகளை அறிதல்

இந்த வகைப் பழைய மடக்குக் கத்தியில் பூட்டு எதுவும் கிடையாது. அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்தி வைப்பது பிடியின் முதுகில் ஓடும் ஒரு பட்டை எஃகு. அதை வில் என்றே இங்கே சொல்கிறேன். அது சுருள் வில் அன்று. மாட்டுவண்டி வில்லைப் போல வளைந்து நிமிரும் பட்டை. இந்த வில்லை நடு ஆணியும் வால் ஆணியும் பிடித்திருக்கின்றன. அலகு சுழல்வது பூணுக்குள் இருக்கும் அச்சாணியில். அலகும் வில்லும் இரண்டு பித்தளை உள்தகடுகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும். அந்த உள்தகடுகளுக்கு வெளியே எலும்போ, கொம்போ, மரமோ பிடியாக ஒட்டியிருக்கும்.

அலகின் அடிப்பாகம் ஏறக்குறையச் சதுரமானது. அதன் ஒரு முகம் வில்லின்மேல் படியும்போது கத்தி திறந்து நிற்கிறது. மற்றொரு முகம் படியும்போது மூடிக்கொள்கிறது. இடையில் சதுரத்தின் மூலை வில்லை வெளியே தள்ளிக்கொண்டு கடக்கிறது. அந்த மூலை கடந்த மறுகணம் கேட்பதுதான் ‘டக்’ என்ற ஓசை.

முதல் படி: நோய் எதுவென்று பார்த்தல்

முதலில் வெட்டுவாயின்மேல் ஒட்டுத்தாளை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். கூர் மழுங்கிய கத்திதானே என்ற எண்ணத்தில்தான் விரல் அறுபடுகிறது.

அலகைத் திறந்து, நுனியைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். அப்படி ஆடினால் அச்சாணி தளர்ந்திருக்கிறது, அல்லது உள்தகடுகள் விலகியிருக்கின்றன. மேலும் கீழுமாக ஆடினால் கதை வேறு. அலகின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம். வில்லின் முனையும் அலகின் அடியும் சந்திக்கும் இடத்தில் எஃகு தேய்ந்திருக்கலாம். இரண்டு ஆட்டமும் இல்லாமல் அலகு சோம்பலாகத் திறந்தால், குறை வில்லில் இருக்கிறது அல்லது வெறும் அழுக்கில் இருக்கிறது.

அடுத்து, பிடியின் முதுகை விரல் நுனியால் தடவுங்கள். அலகு திறந்திருக்கும்போது, பாதி மடங்கியிருக்கும்போது, மூடியிருக்கும்போது என்று மூன்று நிலையிலும் வில் உள்தகடுகளோடு சமமாக இருக்கிறதா, மேடாகிறதா, உள்வாங்குகிறதா என்று குறித்து வையுங்கள். பாதி மடக்கத்தில் சற்றே மேடாவது பல பழைய கத்திகளுக்கு இயல்பு. திறந்த நிலையில் அரை மில்லிமீட்டர் உள்வாங்கினால் தேய்மானம் உறுதி.

வெளிச்சத்தில் பிடித்து நடு ஆணியின் அருகே வில்லை உற்றுப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கறுத்த கோடு குறுக்கே ஓடினால் அது விரிசல். அந்த வில்லை வளைக்க முயலவே கூடாது, புதியதுதான் செய்யவேண்டும்.

இரண்டாம் படி: அழுக்கெடுத்தல்

எங்கள் பக்கத்தில் பலரும் செய்யும் ஒரு பிழை, கத்திக்கு நல்லெண்ணெய் விடுவது. நல்லெண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் பிசினாக இறுகும். அதில் சட்டைப்பை நூலும் புகையிலைத் தூளும் சேர்ந்துவிட்டால் வில் செத்துவிட்டது போலவே தோன்றும்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, கத்தியின் உலோக முனையை மட்டும் ஓர் இரவு ஊறவிடுங்கள். எலும்பும் கொம்பும் முழுக்க மூழ்க வேண்டாம். மறுநாள் வேப்பங்குச்சியை உளிபோலச் சீவிக்கொண்டு உள்தகடுகளின் இடுக்கைச் சுரண்டுங்கள். எஃகு ஊசியைவிட இது நல்லது, பித்தளையைக் கீறாது. அலகை ஐம்பது தடவை திறந்து மூடுங்கள். கறுத்த சாறு வழியும். துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். சாறு தெளிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு அச்சாணியில் விட்டால் போதும்.

அலகின்மேல் உள்ள நீலச் சாம்பல் நிறத்தைத் தேய்த்து எடுக்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல். அதற்கு முந்தைய கத்திகள் எல்லாம் கரி எஃகு. மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கி ஏறிய அந்த நிறம் அலகுக்கு ஒரு காப்பு. செந்துரு மட்டும் போகவேண்டும். அதற்கு எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகுப் பஞ்சு போதும். அலகின் அடியில் உள்ள முத்திரைப் பக்கம் உப்புத்தாளைக் கொண்டு போகவே கூடாது.

மூன்றாம் படி: பிரிக்காமல் அச்சாணியை இறுக்குதல்

பக்கவாட்டு ஆட்டத்துக்கு இதுவே மருந்து. சிக்கல் என்னவென்றால், நல்ல கத்திகளில் அச்சாணியின் தலை பூணோடு ஒன்றாக மழுக்கப்பட்டிருக்கும், கண்ணுக்கே தெரியாது. பூணை நன்றாகத் துடைத்துவிட்டு, வாயைக் குவிக்காமல் கண்ணாடியில் ஆவி பிடிக்க வைப்பது போல அதன்மேல் மெல்ல ஊதுங்கள். ஆவி மறையும்போது சாய்வான வெளிச்சத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரிந்து மறையும். அதுதான் ஆணி. பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். என் தாத்தாவின் கத்தியில் அந்த வளையத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. பூணின் நடுவில் இருக்கும் என்று நினைத்தேன். அது முதுகுப் பக்கமாக ஒதுங்கி இருந்தது.

தேவையானவை: நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 100 கிராம் உருண்டைத்தலைச் சுத்தியல், மெருகேற்றிய சின்னப் பட்டடை, ஒரு துண்டு மெல்லிய தகடு. தகட்டின் கனம் 0.05 மில்லிமீட்டர் இருந்தால் போதும். குளிர்பானக் குவளையின் அலுமினியத் தகட்டில் பாதி கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அலகின் அடிக்கும் உள்தகட்டுக்கும் நடுவே இதைச் செருகுங்கள். இது இல்லாமல் தட்டினால் அலகு இறுகி நின்றுவிடும், பிறகு தளர்த்துவது பெரும்பாடு.

அலகைப் பாதி மடக்கி, பூணை மட்டும் பட்டடைமேல் வையுங்கள். பிடியின் எலும்புப் பகுதி பட்டடையைத் தொடவே கூடாது. தொட்டால் அடுத்த தட்டிலேயே ஆணித்துளையிலிருந்து விரியும். புள்ளியைச் சுற்றி, வளையத்தின் விளிம்பில், மெதுவாக நான்கு தட்டு. திருப்பி மறுபக்கம் நான்கு தட்டு. அலகை அசைத்துப் பார்க்க வேண்டும். மீண்டும் நான்கு. வலிமை வேண்டாம், எண்ணிக்கைதான் வேண்டும். ஆட்டம் நின்று, அலகு இன்னும் தடையில்லாமல் ஓடும் நிலையில் நிறுத்திவிடுங்கள். தகட்டை உருவிவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பூணில் விழுந்த சுத்தியல் வடுக்களை 400, 600, 1000, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, துணியில் மெருகுப் பசை தொட்டு முடிக்கலாம். பக்க ஆட்டம் உள்ள கத்திகள் பெரும்பாலும் இந்தப் படியோடு வீடு திரும்பிவிடும்.

நான்காம் படி: பிரித்தல்

இதற்கு மேல் போவதற்கு முன் பிடி எதனால் ஆனது என்று பாருங்கள். பழைய செல்லுலாய்டு பிடி கற்பூர வாசனை வீசும், எளிதில் தீப்பற்றும். அதன் அருகே சூடு எதுவும் கூடாது. தந்தப்பிடியாக இருந்தால் தொடாமல் விடுவதே நல்லது. ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் பல காலம் பிடிக்குப் பயன்படுத்தியது இந்தியாவிலிருந்து போன மிளா என்னும் பெரிய மானின் கொம்பு. களக்காடு முண்டந்துறைக் காட்டில் மிளா இன்றும் உண்டு. ஆனால் உதிர்ந்த கொம்பானாலும் எடுப்பதும் விற்பதும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உடைந்த பிடிக்கு மாற்று வேண்டுமென்றால் பனை வைரம் இருக்கிறது. கறுப்பும் பழுப்பும் கலந்த அதன் ரேகை எந்தக் கொம்புக்கும் இளைத்ததன்று. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பழைய வீடு இடிக்கும் இடத்தில் கைமரத் துண்டு கேட்டால் கிடைக்கும்.

பிரிக்கும் முன் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணியின் தலையில் நடுக்குறி குத்தி, ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளைப்பானால் தலையை மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையுங்கள். துளையிட்ட மரக்கட்டைமேல் கத்தியை வைத்து, தட்டை முனைக் குத்தூசியால் ஆணியை இறக்குங்கள். வால் ஆணியும் நடு ஆணியும் முதலில், அச்சாணி கடைசியில். இவ்வளவு நேரமும் அலகு முழுக்கத் திறந்தே இருக்கட்டும். பாதி மடக்கத்தில்தான் வில் அதிகமாக விறைத்திருக்கும், ஆணி கழலும்போது எகிறும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: பழைய வில்லுக்கு உயிரூட்டுதல்

விரிசல் இல்லாத வில் தளர்ந்திருந்தால், அதன் வளைவு நிமிர்ந்துவிட்டது என்று பொருள். இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மூன்று சிறு எஃகு ஆணிகளை வைத்து வளைக்கலாம்: ஓர் ஆணி வில்லின் உட்புறத்தில், நடு ஆணித்துளைக்குச் சற்று முன்னால், மற்ற இரண்டும் அதற்கு இருபுறமும் முதுகுப்பக்கத்தில். வைஸை மெல்ல மெல்லத் திருகினால் வில்லின் முனை அலகை நோக்கி உள்ளே வளையும். திருகி, விட்டு, அளந்து, மீண்டும் திருக வேண்டும். ஒரே மூச்சில் திருகினால் கண்ணாடி போல முறியும். ஈரத் துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள்.

எவ்வளவு வளைக்க வேண்டும்? நடு ஆணியையும் வால் ஆணியையும் தற்காலிகமாகப் பொருத்தி, அலகு இல்லாமல் பாருங்கள். அலகு வந்து உட்கார வேண்டிய இடத்துக்குள் வில்லின் முனை சிறு பேனாக்கத்தியில் சுமார் 2 மில்லிமீட்டரும், பெரிய கத்தியில் 3 மில்லிமீட்டரும் இறங்கியிருந்தால் போதும். அதற்கு மேல் போனால் நகம் பெயரும். அலகின் அடியும் விரைவில் தேயும்.

ஆறாம் படி: புதிய வில் செய்தல்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். விரிசல் விட்ட வில்லுக்கும், மேலும் கீழும் ஆடும் அலகுக்கும் இதுவே தீர்வு. அலகின் அடியில் எஃகைச் சேர்க்க வழியில்லை. வெல்டிங் வைத்தால் அலகே கெடும். ஆனால் புதிய வில்லின் முனையை அரை மில்லிமீட்டர் நீளமாக விட்டு, பொருத்தமாக ராவிக்கொண்டு வந்தால் தேய்ந்த இடைவெளி அடைந்துவிடும். தேய்மானத்தை எப்போதும் வில்லில்தான் ஈடுகட்ட வேண்டும். முத்திரை உள்ள பழைய அலகின் முகங்களில் அரம் படக்கூடாது.

பொருள்: மரம் அறுக்கும் பழைய ரம்பத் தகடு, 2 முதல் 2.5 மில்லிமீட்டர் கனத்தில். லாரிப் பட்டை நல்ல எஃகுதான், ஆனால் இவ்வளவு மெலிதாக ராவுவதற்குள் பொழுது போய்விடும். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி அடுப்புச் சாம்பலில் புதைத்து இரவு முழுவதும் ஆறவிடுங்கள். காலையில் அரத்துக்கு வெண்ணெயாக இணங்கும்.

பழைய வில்லை மேலே வைத்துக் கோடு கிழித்து, கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு அறுத்து, ராவுங்கள். இரண்டு துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். தோய்ச்சல் ஆனபிறகு, அதாவது காய்ச்சி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கியபிறகு, துளைப்பான் ஏறாது. வில்லின் கனம் அலகின் அடியைவிட 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கவேண்டும். இந்த மயிரிழை வித்தியாசத்தில்தான் அலகு உள்தகடுகளில் உரசாமல் ஓடுகிறது. நடு ஆணியிலிருந்து முனையை நோக்கி வில் சீராக மெலிந்து போகட்டும். ஓரிடத்தில் மட்டும் மெலிந்தால் வளைவு அத்தனையும் அங்கே குவிந்து அங்கேயே முறியும். கடைசி உப்புத்தாள் தேய்ப்பு நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் வருங்கால விரிசல். வேண்டிய வளைவையும் எஃகு மென்மையாக இருக்கும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

பிறகு தோய்ச்சல். கொல்லுப்பட்டறை உலையிலோ, கேஸ் சுடரிலோ காய்ச்சலாம். நிழலான இடத்தில் செய்யுங்கள். நம் சித்திரை வெயிலில் சிவப்பின் அளவு கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி அவ்வப்போது அருகே கொண்டு போங்கள். சுமார் 770 பாகை செல்சியஸில் காந்தம் எஃகை இழுக்காமல் போகும். அதற்குமேல் ஒரு சாயல் மட்டும் சிவக்கவிட்டு, 50, 60 பாகைக்குச் சூடாக்கிய கடலை எண்ணெயில் நேராக இறக்குங்கள். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கவேண்டும். மூடி கையருகில் இருக்கவேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடத்தான் வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ தெறிக்கும். ஆறியதும் அரத்தை வைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறிவிட்டது. இந்த நிலையில் கீழே போட்டால் இரண்டாக உடையும்.

உடையும் கடினத்தைத் துள்ளும் தன்மையாக மாற்றுவதுதான் அடுத்தது. பொரி வறுப்பவர்கள் மணலைக் காயவைத்து வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். இரும்புச் சட்டியில் சலித்த ஆற்றுமணலை இரண்டு விரற்கடை நிரப்பி அடுப்பில் காயவிடுங்கள். வில்லை வெள்ளையாக மினுங்கும்வரை தேய்த்து மணல்மேல் படுக்க வையுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். முதலில் வைக்கோல் நிறம் வரும். அது அலகுக்கு ஏற்ற பதம், வில்லுக்குப் போதாது. பிறகு பழுப்பு, அதன்பின் கத்தரிப்பூ நிறம், அதன்பின் மயில்கழுத்து நீலம். 300 பாகையைத் தாண்டி அந்த நீலம் வெளுக்கத் தொடங்கும் கணத்தில் எடுத்துவிடுங்கள். ஒரு முனை முந்திக்கொண்டு நிறம் மாறினால் திருப்பி வையுங்கள். நீலம் முனையிலிருந்து நடுவுக்கு நீர் பரவுவது போல நகர்வதை முதன்முறை பார்த்தபோது நான் எடுக்கவே மறந்துவிட்டேன். அந்த வில் சாம்பல் நிறமாகி வீணாயிற்று. மணலில் வைத்துப் பதமாக்கும் இந்த வேலையை இரண்டு முறை செய்வது நல்லது.

சோதனை: வைஸில் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை 3 மில்லிமீட்டர் தள்ளி விடுங்கள். மயிரளவும் குறையாமல் பழைய இடத்துக்கு வரவேண்டும். வளைந்தபடி நின்றால் மென்மை கூடிவிட்டது. மறுபடி தோய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஏழாம் படி: பூட்டுதல்

அலகின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், வைர ஊசியரத்தால் வட்டமாக்கி, பொருத்தமான பித்தளைக் குழாய்த் துண்டை உள்ளே வைத்து அடையுங்கள். தடித்த ஆணி போடுவதைவிட இது மேல். பூணின் துளைகளைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

அலகின் அடி வில்லில் உரசும் முகங்களுக்கு 1000, 2000 உப்புத்தாளால் மெருகு மட்டும் கொடுங்கள். எஃகு குறையக் கூடாது. அடியில் வெட்டுவாய்ப் பக்கம் துருத்தி நிற்கும் சிறு மேட்டையும் தொடாதீர்கள். மூடும்போது வெட்டுவாய் வில்லில் மோதாமல் காப்பது அதுதான்.

ஆணிக்கு, ஜெர்மன் சில்வர் பூணாக இருந்தால் அதே கம்பி. அப்போதுதான் மெருகிட்டபின் ஆணி மறையும். கிடைக்காவிட்டால் வெல்டிங் கடைகளில் விற்கும் 2.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி பல கத்திகளுக்குச் சரியாக இருக்கும். பூணின் துளை வாயைச் சற்றே விரித்துக்கொள்ளுங்கள். தட்டும்போது ஆணி அங்கே பரவிப் பிடித்துக்கொள்ளும். வில்லை முதலில் பூட்டி, கடைசியில் அலகை நுழைத்து, கூம்பிய ஓர் எஃகு ஊசியால் துளைகளை நேராக்கி, ஊசியைத் தள்ளிக்கொண்டே அச்சாணியை ஏற்றுங்கள். இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு இருந்தால் போதும். மூன்றாம் படியில் சொன்ன தகட்டைச் செருகிக்கொண்டு தட்டத் தொடங்குங்கள்.

கடைசிச் சோதனை காதால் செய்வது. தாத்தாவின் கத்திக்குப் புதிய வில் போட்டு மூடியபோது, உள்ளறையில் இருந்த ஆச்சி, யார் அவருடைய கத்தியை எடுத்தது என்று குரல் கொடுத்தார். பார்க்கவில்லை, ஓசையைத்தான் கேட்டிருக்கிறார். மந்தமாக ‘தொப்’ என்று விழுந்தால் வில்லுக்கு வளைவு போதவில்லை. சுள்ளென்று அடித்து நகத்தை நோகடித்தால் கூடிவிட்டது.

பழைய வில்லைத் தூக்கி எறியாமல் எண்ணெய்த் தாளில் சுற்றிக் கத்தியோடு வைத்திருங்கள். பின்னாளில் யாராவது அளவெடுக்க அது வேண்டியிருக்கும். தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை செய்யவேண்டும். உப்புக் காற்று முதலில் தின்பது கண்ணுக்குத் தெரியாத வில்லின் உட்புறத்தைத்தான்.